முழுத் தொகையையும் திருப்பிக் கேட்ட அரசு: நெதர்லாந்து உதவித்தொகை வழக்குகள்

நெதர்லாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக் காப்பகச் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. 2005 முதல் இந்த உதவித்தொகையை வழங்கும் பொறுப்பு வரித்துறைக்கு வந்தது. வருமானத்தையும் காப்பக நேரத்தையும் மதிப்பிட்டு, மாதந்தோறும் முன்பணமாகத் தருவார்கள். ஆண்டு முடிந்தபின் கணக்குப் பார்ப்பார்கள். மீதிச் செலவு பெற்றோருடையது.

தகராறு பிறந்தது அந்த மீதியில்தான். தம் பங்கு முழுவதையும் கட்டியதற்குப் பெற்றோரிடம் ஆதாரம் இல்லையென்றால், குறைவது சிறு தொகையே ஆனாலும், அந்த ஆண்டின் உதவித்தொகை அனைத்தையும் வரித்துறை திருப்பிக் கேட்டது. பல்லாயிரம் யூரோ கடன் குடும்பங்களின் தலையில் விழுந்தது. வேண்டுமென்றே தவறு செய்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குத் தவணை வசதியும் கிடைக்கவில்லை. மேலும், உதவித்தொகை பெற்றவர்களின் இரட்டைக் குடியுரிமை விவரங்களை வரித்துறை கையாண்ட விதம் சட்டவிரோதமானது, பாகுபாடானது என்று தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் அறிவித்தது.

பாதிக்கப்பட்டவர் முதலில் வரித்துறையிடமே ஆட்சேபணை மனு தர வேண்டியிருந்தது. அது தள்ளுபடியானால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். அங்கிருந்து மேல்முறையீடு, ஹேக் நகரிலுள்ள அரசு ஆலோசனை மன்றத்தின் நிர்வாக நீதிப் பிரிவுக்குச் செல்லும். இறுதித் தீர்ப்பு அதனுடையது.

முழுத் தொகை அல்லது ஒன்றுமில்லை. இடைப்பட்ட வழியைச் சட்டம் தரவில்லை என்றே அப்பிரிவு ஆண்டுக்கணக்கில் தீர்ப்பளித்தது. சில மாவட்ட நீதிபதிகள் பெற்றோர் பக்கம் நின்றாலும், மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்புகள் நிலைக்கவில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றங்கள் ஆராய்வதை அந்நாட்டு அரசியலமைப்பின் 120ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் நீதிபதிகளிடம் எப்போதும் இருந்தது. அதற்கான சான்று 2019 அக்டோபர் 23 அன்று வந்தது. மீட்கும் தொகை தவறின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று வரித்துறை எடைபோட வேண்டும் என அதே நிர்வாக நீதிப் பிரிவு அன்று தீர்ப்பளித்தது. மாறியது சட்ட வாசகமன்று, அதைப் படித்த விதம்.

2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு, சட்டத்தின் ஆட்சிக்குரிய அடிப்படை நெறிகள் மீறப்பட்டதாக அறிக்கை தந்தது. அதன் கண்டனம் அமைச்சர்கள், அதிகாரிகள், நாடாளுமன்றம் ஆகியோரோடு நீதித்துறையையும் சேர்த்தது. 2021 ஜனவரி 15 அன்று அன்றைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்கு அடிப்படை இழப்பீடாக 30,000 யூரோ வகுக்கப்பட்டது. கடும் நிலைப்பாட்டை அளவுக்கு மீறி நீட்டித்துவிட்டதாக நிர்வாக நீதிப் பிரிவும் 2021 நவம்பரில் ஒப்புக்கொண்டது.

2022 பிப்ரவரி 2 அன்று அப்பிரிவு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. அரசின் முடிவு அப்பட்டமாக நியாயமற்றதா என்று மட்டும் பார்த்த பழைய அளவுகோலைக் கைவிட்டது. அந்த முடிவு நோக்கத்துக்கு உகந்ததா, தேவையானதா, சமநிலையானதா என்று வழக்கின் தன்மைக்கேற்ப ஆராயும் முறையை ஏற்றது. விதியின் வாசகத்தோடு, அது குடும்பத்தின்மேல் ஏற்றும் சுமையையும் அளப்பதே நீதிமன்ற மறுஆய்வு. அந்த அளவை இல்லாத காலத்தில், பெற்றோருக்கு வழக்காடும் உரிமை இருந்தது, பாதுகாப்பு இல்லை.