காது அரிக்கிறதா? பிளக்கை வீசிவிடாதீர்கள்!

இந்த முறை காதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

மெர்சிங் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றில் பாய்லர் பக்கம் வேலை செய்யும் தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு காதும் சிவந்து, துவாரத்து ஓரத்தில் தோல் உரிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. "டிரசர் ஐயா, இந்தப் பிளக்கு போட்டதிலேர்ந்து ஒரே நமைச்சல். ராத்திரி தூக்கமில்ல. அதான் கழட்டிப் பையில வச்சிட்டேன். மண்டோர் வந்தா மட்டும் மாட்டிக்குவேன்" என்றார்.

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அரிப்பு வந்தவனுக்குத்தான் அதன் அவஸ்தை தெரியும். ஆனால் ஒரு கணக்கைக் கேளுங்கள். 30 டெசிபல் சத்தத்தைத் தடுக்கக்கூடிய நல்ல பிளக்காக இருந்தாலும், 8 மணி நேர வேலையில் 4 மணி நேரம் அதைக் கழற்றி வைத்தால், அன்றைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 3 டெசிபல்தான். பாதி நேரம் போட்டால் பாதிப் பலன் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. தோல் புண் ஒரு வாரத்தில் ஆறும். சத்தத்தால் போன காது திரும்பி வராது. அதற்கு மருந்து என்னிடமும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஆகவே அரிப்பைத்தான் விரட்ட வேண்டும், பிளக்கை அல்ல.

அரிப்பு ஏன் வருகிறது? காதுக்குள் இருக்கும் குறும்பியை அழுக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது காவல்காரன். அதில் லேசான புளிப்புத் தன்மை உண்டு; அதனால் கிருமி சுலபத்தில் வளராது. பிளக்கை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் வியர்வை வெளியேற வழியில்லை. உள்ளே தோல் ஊறிப்போகிறது, குறும்பியும் கரைகிறது. போதாததற்கு நெய் ஒட்டிய கையாலேயே பிளக்கை உருட்டிச் செருகுகிறோம். நம் ஊர் வெக்கையும், நவம்பர் தொடங்கி அடிக்கும் பருவமழை ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழைய மருத்துவ நூல்களில் இந்தக் காது நோய்க்கு 'சிங்கப்பூர் காது' என்றே ஒரு பேர் உண்டு!

சிலருக்கு வியர்வை காரணமாக இருக்காது. பிளக் செய்த பொருளே ஒத்துக்கொள்ளாது. பிளக் தொடுகிற இடத்தில் மட்டும் அச்சு வைத்தது போல் சிவந்திருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அவர்கள் வேறு ரகத்துக்கு மாறினாலே பாதி குணம். ரப்பர் கையுறை போட்டாலும் கை அரிக்கும் என்பவர்கள் அதை என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்? முதலில் கை. சோப்புப் போட்டுக் கழுவாமல் பிளக்கைத் தொடாதீர்கள். பஞ்சு போல் அமுங்கும் நுரைப் பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறு கையால் தலைக்கு மேலாகக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். இப்படிச் செய்தால் உராய்வு குறையும். நுரைப் பிளக்கைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். அழுக்கானால் புதுசு கேளுங்கள். கயிறு கட்டிய சிலிகான் பிளக்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே டப்பாவில் போடுங்கள். இன்னொருத்தர் பிளக்கை இரவல் வாங்காதீர்கள், அண்ணன் தம்பியானாலும் சரி.

அரிப்பு வந்துவிட்டதா? ஆறும் வரை பிளக்குக்குப் பதில் காதை வெளியே மூடும் மஃப் கேளுங்கள். அதை வேலை நேரம் முழுவதும் போட்டிருங்கள். ஓய்வு நேரத்தில், சத்தமில்லாத இடத்தில் கழற்றிக் காதுக்குக் காற்றுக் காட்டுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் காது மடல்மேல் வைத்தால் நமைச்சல் அடங்கும். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைத் துவாரத்து வாயில் வைத்துத் தண்ணீரைத் தடுக்கலாம்; குளித்ததும் எடுத்துவிடுங்கள். வெறும் பஞ்சு சத்தத்தைத் தடுக்காது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெளித்தோலுக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு நல்ல குணம் தரும். ஆனால் காட்டிவிட்டுத் தடவுங்கள். காளான் பிடித்த காதில் அதைத் தடவினால் நோய் முற்றும்.

செய்யக் கூடாததைச் சொன்னால் வீட்டுத் தாய்மார்கள் கோபிப்பார்கள். சூடான எண்ணெய், பூண்டுச் சாறு, வெற்றிலைச் சாறு எதுவும் வேண்டாம். ஜவ்வு ஓட்டையாக இருந்தால் ஊற்றியது நேரே உள்ளே போய்விடும். தீக்குச்சி, கோழி இறகு, ஹேர்பின், பஞ்சுக் குச்சி இவற்றால் குடையவும் வேண்டாம். குடையும்போது சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சின்னக் கீறலில்தான் கிருமி புகுகிறது.

காது மடலை இழுத்தால் உயிர் போகிற வலி, சீழ், காய்ச்சல், காது மந்தம், முகம் ஒரு பக்கம் கோணுதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே வாருங்கள். நான் மெர்சிங் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன். இனிப்புநீர் உள்ளவர்கள் காதுவலியை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. அவர்களுக்கு அது எலும்பு வரை இறங்கக்கூடும்.

"புதுசு கேட்டா கிராணி முறைக்கிறாரு" என்று சிலர் சொல்கிறார்கள். சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1989 விதிகளில் 90 டெசிபலாக இருந்த சத்த எல்லையை 2019 விதிகள் 85 ஆகக் குறைத்திருக்கின்றன. 3 டெசிபல் ஏறினாலே சத்தத்தின் சக்தி இருமடங்கு என்பதால் இது சின்ன மாற்றம் அல்ல. எல்லை தாண்டும் இடத்தில் காதுக் கவசம் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. 1994ஆம் வருடத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி அதற்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. சத்தத்தால் வரும் செவிடு சொக்சோவின் தொழில் நோய்ப் பட்டியலிலும் உண்டு. ஆகவே காதுப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்காதீர்கள். அந்தத் தாள்தான் பின்னால் சாட்சி. புல்வெட்டும் மிஷின் தூக்குகிறவர்களும், மோட்டார் அரிவாளால் குலை வெட்டுகிறவர்களும், இது ஆலைக்காரன் சமாச்சாரம் என்று விட்டுவிட வேண்டாம்.

பாய்லர் தோழருக்கு மஃப் வந்தது. பத்து நாளில் தோல் ஆறி, இப்போது சிலிகான் பிளக் போடுகிறார். கிளினிக்குக்கு வருகிறவர்கள் போட்டிருந்த பிளக்கையும் ஒரு தாளில் சுற்றி எடுத்து வாருங்கள்; அதைப் பார்த்தால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.