விரலை வெட்டாத கத்தி எது?

மடக்குக் கத்தி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கத்தி வெட்ட வேண்டும். ஆனால் எதை வெட்ட வேண்டும்? கயிற்றை வெட்ட வேண்டும், கையை வெட்டக்கூடாது!

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் பலர் இதை நினைத்துப் பார்ப்பது இல்லை. பளபளப்பைப் பார்க்கிறார்கள். பிடியில் உள்ள சித்திரத்தைப் பார்க்கிறார்கள். விலையைக் கேட்கிறார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சில நாள் கழிகிறது. கனமான தோல் ஒன்றில் துளை போட வேண்டியிருக்கிறது. கத்தியின் முனையை வைத்து அழுத்துகிறார்கள். திடீரென்று கத்தி மடங்குகிறது. அலகுக்கும் பிடிக்கும் நடுவே விரல்!

மடக்குக் கத்தியில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்.

பலவீனம் எங்கே?

சமையல் அறைக் கத்தியில் இந்த ஆபத்து இல்லை. அதன் அலகு பிடிக்குள் அசையாமல் பொருந்தி இருக்கிறது. மடக்குக் கத்தி அப்படி அல்ல. அலகும் பிடியும் ஒரு சிறிய ஆணியால் சேர்ந்திருக்கின்றன. அந்த மூட்டில்தான் கத்தியின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது.

மூட்டு கெட்டியாக இருந்தால், விலை குறைந்த கத்தியும் பல ஆண்டுகள் உழைக்கும். மூட்டு ஆடினால், தந்தப் பிடி போட்ட கத்தியும் பயன்படாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பிரான்சு நாட்டு மலைவாசிகள்.

18 வயது வாலிபர்

பிரான்சின் கிழக்கே, ஆல்ப்ஸ் மலையில் சவாய் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே ஒப்பினெல் என்ற குடும்பம் இருந்தது. கோடரி, அரிவாள் போன்ற கருவிகளைச் செய்து விற்பது அவர்கள் தொழில்.

அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் ஒப்பினெல். 1890-ம் ஆண்டில், தமது 18-வது வயதில், அவர் ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரத்தால் ஒரு பிடி. அதில் ஒரு பிளவு. பிளவுக்குள் மடங்கும் எஃகு அலகு. அவ்வளவுதான்!

உழவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ரொட்டி அறுக்க, கிளை நறுக்க, கயிறு வெட்ட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கத்தி போதுமானதாக இருந்தது. 1897-ம் ஆண்டில் 1 முதல் 12 வரை எண் போட்டு, 12 அளவுகளில் கத்திகள் வந்தன. பெரிய கைக்குப் பெரிய கத்தி; சிறிய கைக்குச் சிறிய கத்தி. பிற்காலத்தில் 1-ம் எண்ணும் 11-ம் எண்ணும் நிறுத்தப்பட்டன. மற்றவை இன்றும் விற்பனை ஆகின்றன. மிகவும் பெயர் பெற்றது 8-ம் எண். அதன் அலகு 8½ சென்டிமீட்டர் நீளம்.

அலகில் ஒரு கையும், அதன் மேல் ஒரு கிரீடமும் பொறித்திருக்கும். 1909-ம் ஆண்டு முதல் அதுதான் அந்தக் கத்தியின் சின்னம்.

விரலைக் காத்த வளையம்

இத்தனை சிறப்பு இருந்தும் ஒரு குறை இருந்தது. விரித்த கத்தி தற்செயலாக மடங்காமல் இருக்க வழி இல்லை.

1955-ம் ஆண்டில் அந்தக் குறை நீங்கியது. ஒப்பினெல் குடும்பத்தினர் பிடியின் கழுத்தில் ஓர் எஃகு வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தில் ஓர் இடைவெளி உண்டு. இடைவெளி அலகுக்கு நேராக இருந்தால் கத்தி மடங்கும். கத்தியை விரித்து வளையத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டால், அலகு மடங்க வழி இல்லை! பிற்காலத்தில், மூடிய கத்தி பைக்குள் திறந்துகொள்ளாதபடியும் இந்த வளையம் திருத்தி அமைக்கப்பட்டது.

இதில் சுருள்வில் இல்லை, திருகு இல்லை, கெட்டுப்போகக்கூடிய நுட்பமான உறுப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வளையம் தானாகத் திரும்பாது. நாம்தான் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால், வளையம் இருந்தும் பயன் இல்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. பிடி மரம் என்பதால், தண்ணீர் பட்டால் ஊதிக்கொள்ளும். அலகை வெளியே இழுக்க முடியாது. சவாய் மக்கள் அதற்கு ஓர் உபாயம் செய்கிறார்கள். பிடியின் அடிப்பாகத்தை மேசை மீது ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். அலகு மெல்லத் தலை நீட்டும்!

மற்ற நாடுகளில்

பிரான்சிலேயே 'டூக் டூக்' என்று ஒரு கத்தி உண்டு. 1929-ம் ஆண்டில் தியேர் நகரில் பிறந்தது. இரும்புத் தகட்டை மடித்துப் பிடி செய்திருப்பார்கள். கீழே விழுந்தாலும் பிடி பிளக்காது. அலகை ஒரு வலுவான வில் இறுக்கிப் பிடிக்கிறது. ஆனால் பூட்டு கிடையாது.

ஜப்பானில் மிக்கி என்ற ஊரில் செய்யப்படும் 'ஹிகோனோகாமி' கத்தியும் தகட்டுப் பிடி கொண்டதுதான். அதன் அலகில் ஒரு சிறிய வால் இருக்கும். வெட்டும்போது கட்டை விரலால் அந்த வாலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கே பூட்டு வேறு எதுவும் இல்லை; மனிதனின் கட்டை விரலே பூட்டு!

இவை எல்லாம் பணக்காரர்களுக்காகச் செய்த கத்திகள் அல்ல. உழைப்பாளிகளுக்காகச் செய்தவை. ஆகவேதான் இவற்றில் அலங்காரம் குறைவு, உழைப்பு அதிகம்.

எந்த எஃகு நல்லது?

கடைக்காரர் இரண்டு வகை எஃகைக் காட்டுவார்.

ஒன்று, கார்பன் எஃகு. இதைத் தீட்டுவது சுலபம். சாதாரணத் தீட்டுக்கல்லில் சில தடவை தேய்த்தால் கூர் வந்துவிடும். ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். எலுமிச்சம்பழம் நறுக்கினால் கறுத்துப்போகும்.

மற்றொன்று, துருப்பிடிக்காத எஃகு. மீன் பிடிப்பவர்களுக்கும், மழையில் வேலை செய்கிறவர்களுக்கும் இதுவே ஏற்றது. பெரும்பாலும் இதைத் தீட்டக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும்.

எஃகின் பெயர் மட்டும் போதாது. அதைக் காய்ச்சிய விதமும் முக்கியம். பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் எஃகு கடினமாகும். ஆனால் அந்த நிலையில் அது எளிதில் உடையும். ஆகவே மறுபடியும் மிதமாகச் சூடு காட்டி, அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்கிறார்கள். சூடு சரியாக இருந்தால் கத்தி உடையாது. கூரும் சீக்கிரம் மழுங்காது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கத்தி வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்.

1. கத்தியை விரித்துப் பூட்டுங்கள். அலகின் முதுகைப் பிடித்து, இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். புதிய கத்தியிலேயே ஆட்டம் இருந்தால் அது வேண்டாம்.

2. விரல்களை அலகு மடங்கும் வழியில் வைக்காமல், அலகின் முதுகை மரப்பலகை மீது மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. கத்தியை மூடிப் பாருங்கள். முனை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. இருந்தால் சட்டைப்பை கிழியும், தொடையும் கிழியும்.

4. பிடி உள்ளங்கையில் நிறைந்து இருக்க வேண்டும். மிகச் சிறிய பிடி, வேலை செய்யும்போது வழுக்கும்.

5. முனை ஊசிபோல் மெலிந்து இருந்தால் முரட்டு வேலைக்கு உதவாது. முதலில் உடைவது முனைதான்.

வாங்கிய பிறகு

நல்ல கத்தியையும் கெடுக்க வழிகள் உண்டு! டப்பா மூடியை நெம்புவது ஒன்று. திருகைக் கழற்றுவது ஒன்று. சுத்தியலால் முதுகில் அடிப்பது ஒன்று. கத்தி அறுப்பதற்காகச் செய்தது. நெம்புகோல் வேலைக்கு நெம்புகோல் இருக்கிறது.

வேலை முடிந்ததும் அலகை ஈரம் போகத் துடையுங்கள். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தீட்டும்போது இரு பக்கமும் ஒரே சாய்வில், சமமாகத் தீட்டுங்கள்.

'மழுங்கிய கத்தி ஆபத்து இல்லாதது' என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. கூர் இல்லாத கத்தியை அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தும்போது அது வழுக்கும். வழுக்கினால் காயம்தான்.

சட்டத்தையும் கவனியுங்கள்

கத்தி வைத்திருக்கும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில், தக்க காரணம் இன்றிப் பொது இடத்தில் கொண்டு செல்லக்கூடிய மடக்குக் கத்தி 3 அங்குலத்துக்கு மேல் கூர் உள்ளதாக இருக்கக்கூடாது. அது பூட்டு உள்ளதாகவும் இருக்கக்கூடாது! விரலைக் காக்கும் பூட்டே அங்கே சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் கத்தி வைக்கக்கூடாது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கத்தியை மூடி, எட்டாத இடத்தில் வையுங்கள். பிள்ளை வளர்ந்து, கத்தி கேட்கும் வயது வந்தால், முதலில் பூட்டைப் போடக் கற்றுக் கொடுங்கள். அறுக்கக் கற்றுக் கொடுப்பது அதற்குப் பிறகு!