உங்களுக்குத் தெரியுமா? கால்வாய்க் கரையில் ஒரு சைக்கிள் பாதை

இடத்துக்குப் பெரும் தட்டுப்பாடுள்ள சிங்கப்பூரில், கார் நுழையாத சைக்கிள் பாதைகளுக்கு நிலம் எங்கிருந்து கிடைத்தது? பெரும்பாலும் மழைநீர்க் கால்வாய்களின் ஓரத்திலிருந்துதான்! பராமரிப்புக்காகக் கரையோரமாக ஒதுக்கி வைத்திருந்த நிலத்தில் பாதை போட்டு, ஒரு பூங்காவை இன்னொரு பூங்காவோடு கோத்துக்கொண்டே போனார்கள். இப்படி வளர்ந்த ‘பூங்கா இணைப்புப் பாதைகள்’ இன்று 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன.

இவற்றில் மிக அழகான பகுதி பிஷான்–அங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கி.மீ. நீள கான்கிரீட் வாய்க்காலுக்குள் நேர்க்கோடாக அடைபட்டு ஓடியது. அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாகவே 2012இல் மீட்டுவிட்டார்கள். கரையில் வேர்பிடித்த புல்லும் செடியும் மண் அரிப்பைத் தடுக்கின்றன. கனமழை பெய்தால் வெள்ளம் பூங்காவின் புல்வெளியில் பரவி, பிறகு மெல்ல வடிந்துவிடும். ஓர் ஆற்றுக்கு அதன் உருவத்தைத் திருப்பித் தந்த இந்த வேலையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

நடப்பவர்களும் ஓடுபவர்களும் இதே பூங்கா இணைப்புப் பாதைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் சைக்கிளுக்கு வேக வரம்பு உண்டு: மணிக்கு 25 கி.மீ.