ட்ரோன் வர்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போகணும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வீடியோ. ருவாண்டாவில் ஒரு ட்ரோன் பறந்து வருது. தரையிறங்காமலேயே, பாராசூட் கட்டின ஒரு பெட்டியை ஆஸ்பத்திரி வளாகத்தில் போட்டுட்டுத் திரும்பிப் போயிடுது. பெட்டிக்குள்ள ரத்தம். நானும் 'செம'ன்னு நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணேன். அப்புறம்தான் யோசிச்சேன்: அந்த ரத்தம் தேவைப்பட்ட அம்மா, ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்ந்தாங்க?

பிரசவத்துக்குப் பிறகு கடுமையான ரத்தப்போக்கு வந்து, சிகிச்சை கிடைக்கலைன்னா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உயிர் போயிடலாம். அந்த நேரம் எங்கெல்லாம் வீணாகுதுன்னு 1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் மூணாகப் பிரிச்சுச் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு முடிவெடுக்கறதில் ஒரு தாமதம். போய்ச் சேர்றதில் இன்னொண்ணு. போன பிறகு சரியான சிகிச்சை கிடைக்கறதில் மூணாவது.

ருவாண்டா முழுக்க மலைமேடு. 1994 இனப்படுகொலையில் மருத்துவக் கட்டமைப்பே சிதைஞ்சு போச்சு. 2000-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில், ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,071 தாய்மார்கள் இறந்தாங்க. நாலில் ஒரு பிரசவம்தான் மருத்துவ நிலையத்தில் நடந்துச்சு.

முதல் ரெண்டு தாமதங்களையும் குறைச்சதில் பெரிய பங்கு கிராமத்துப் பெண்களுக்கு. ஒவ்வொரு கிராமமும் தனக்குள்ளேயே ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் கவனிக்கச் சொல்லுச்சு. அவங்க டாக்டர் இல்ல, மாசச் சம்பளமும் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. யாரு கர்ப்பமா இருக்காங்க, செக்கப் போனாங்களான்னு அவங்களுக்குத் தெரியும். 2009-ல் முசான்சே மாவட்டத்தில் அவங்க கையில் போன் கொடுத்தாங்க. ஆபத்து அறிகுறி தெரிஞ்சா ஒரு எஸ்எம்எஸ். சுகாதார நிலையத்துக்குத் தகவல் போய், ஆம்புலன்ஸ் ஏற்பாடாகும். பிறகு இது நாடு முழுக்கப் பரவுச்சு. மருத்துவக் காப்பீடு இருந்ததால, செலவுக்குப் பயந்து தயங்குறதும் குறைஞ்சுது. குழந்தைகளோட மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்குக்கு கிராமத்திலேயே மருந்து கொடுக்கவும் சுகாதாரப் பணியாளர்கள் இருந்தாங்க.

2015-ல் 91 சதவீதப் பிரசவம் மருத்துவ நிலையத்தில். தாய் இறப்பு 210. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், ஆயிரத்துக்கு 196-ல இருந்து 50 ஆச்சு.

ஆனா கதை இங்க முடியல. 2020 கணக்கெடுப்பில் தாய் இறப்பு 203. அஞ்சு வருஷத்தில் பெருசா நகரவே இல்ல. எனக்குப் புரிஞ்சது இதுதான்: அம்மாக்கள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. இனி மிச்சம், வாசலுக்கு உள்ளே இருக்கிற மூணாவது தாமதம்.

ட்ரோன் வர்றது இங்கதான். எல்லா ரத்த வகையையும் சின்ன ஆஸ்பத்திரியால ஸ்டாக் வைக்க முடியாது, கெட்டுப்போயிடும். 2016 அக்டோபர்ல முஹாங்காவில் இருந்து ட்ரோன்கள் ரத்தம் கொண்டு போக ஆரம்பிச்சது. சாலை வழியா வர்றதைவிட சராசரியா ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சமாகுதுன்னு 2022-ல் வந்த ஆய்வு சொல்லுது.

ஆனா ரத்தம் கேட்கணும்னா, ரத்தப்போக்கு அதிகமா இருக்குன்னு முதல்ல யாராவது கவனிக்கணுமே? கண்ணால பார்த்து அளவு சொன்னா தப்பாப் போயிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 ஆஸ்பத்திரிகளில் ஒரு ஆய்வு நடந்துச்சு. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை அம்மாவுக்கு அடியில் விரிச்சாங்க. ரத்தம் கோட்டைத் தாண்டினா, மருந்துகளை ஒண்ணொண்ணா காத்திருந்து கொடுக்காம, ஒரே நேரத்தில் கொடுத்தாங்க. கடுமையான ரத்தப்போக்கு, அதுக்கான அறுவை சிகிச்சை, இறப்பு, இதெல்லாம் சேர்த்துப் பார்த்தா 60 சதவீதம் குறைஞ்சதுன்னு 2023-ல் முடிவு வந்தது.

அந்த ட்ரோன் வீடியோவை இன்னமும் நான் ஷேர் பண்ணுவேன். ஆனா இனிமே கூடவே ஒரு வரி எழுதுவேன்: இந்தப் பெட்டி கீழே விழறதுக்கு முன்னாடி, ஒரு அக்கா மெசேஜ் அனுப்பியிருக்காங்க, ஒரு நர்ஸ் கோட்டைப் பார்த்திருக்காங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.