வீடியோ எல்லாக் கணினியிலும் ஓட என்ன வழி?

விண்டோஸ் கணினியில் நன்றாக ஓடும் வீடியோ மேக்கிலோ கைபேசியிலோ திறக்க மறுக்கிறதா? கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்.

எம்பி4, ஏவிஐ என்பவை வெறும் உறைகள். உள்ளே படமும் ஒலியும் 'கோடெக்' என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அந்த முறையை அறிந்த மென்பொருள் இருந்தால்தான் வீடியோ ஓடும். மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்வி கோப்பு மேக்கில் நேரடியாகத் திறக்காததும், ஐபோனில் எடுத்த ஹெச்.265 வீடியோ சில விண்டோஸ் கணினிகளில் ஒலி மட்டும் தருவதும் இதனால்தான். கோப்பின் பெயரில் ஏவிஐ என்பதை எம்பி4 என்று மாற்றினால் உறையின் பெயர்தான் மாறும். உள்ளே இருப்பது மாறாது.

ஒரு காலத்தில் இணைய வீடியோ என்றாலே ஃப்ளாஷ்தான். ஐபோன் அதை ஏற்கவே இல்லை. 2015-ல் யூடியூப் ஹெச்டிஎம்எல்5-க்கு மாறியது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃப்ளாஷ் பிளேயரைக் கைவிட்டது.

எனவே பழைய திருமண வீடியோக்களையும் மறைந்த பெரியவர்களின் பதிவுகளையும் இப்போதே சோதித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றை இலவச மென்பொருளான விஎல்சி திறந்துவிடும். பிறருக்கு அனுப்ப, 'ஹேண்ட்பிரேக்' மூலம் ஹெச்.264 படம், ஏஏசி ஒலி கொண்ட எம்பி4 ஆக மாற்றுங்கள். இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் அது ஓடும். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் சற்றுக் குறையும் என்பதால் அசல் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.