ஹஜ் யாத்திரை பற்றிய சில தவறான எண்ணங்கள்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஹஜ் யாத்திரை செல்வோரை வழியனுப்புங்கால், தவறான கருத்துகள் பலவற்றை நான் கேட்டதுண்டு. கடன்பட்டேனும் போதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உடல் நலமும், போகவரச் செலவும், திரும்பும்வரை குடும்பத்தார்க்கு வேண்டிய பொருளும் உடையவர்க்கே அது ஆயுளில் ஒரு முறை கடமையாகும். நிலத்தை அடகு வைத்து, மகளின் படிப்பை நிறுத்திப் புறப்படுமாறு மார்க்கம் எவரையும் பணிக்கவில்லை. அரசு மானியத்தில் போகின்றனர் என்பாரும் உளர். நடுவணரசின் அம்மானியம் 2018-இல் நிறுத்தப்பட்டது.

'இஹ்ராம்' உடையைப் பற்றிய குழப்பமோ பெரிது. ஆடவர் தைக்காத இரு துணிகளை அணிவர். ஆதலின் நூல் ஓடிய எதுவும் ஆகாதென்று இடைவாரையும் செருப்பையும் கழற்றி வைப்போர் உண்டு. விலக்கப்பட்டது சட்டை, காற்சட்டை போல் உடலின் வடிவுக்கேற்பத் தைத்த உடையே, நூலன்று. அழுக்கானால் துணியை மாற்றலாம். பெண்டிர்க்கு வழக்கமான உடையே போதும். முகத்திரை ஆகாது.

கஅபாவின் கருங்கல்லை முத்தமிடாவிடில் ஹஜ் நிறைவேறாது என்பதும் பிழையே. நெரிசலில் கையால் சைகை செய்தல் போதும். முதியோர் முண்டியடித்து விலா நோக வேண்டுவதில்லை. மதீனா செல்வதும் சிறப்பேயன்றி ஹஜ்ஜின் உறுப்பன்று. விட்டால் ஹஜ்ஜே தவறிப்போகும் செயல் வேறு: துல்ஹஜ் 9-ஆம் நாள் நண்பகல் முதல் மறுநாள் விடியலுக்குள் சிறிது நேரமேனும் அரபா வெளியில் தங்குதல். அதற்காகவே, மருத்துவமனையில் கிடக்கும் யாத்திரிகரையும் நோயாளி வண்டியில் அங்குக் கொண்டுசெல்கின்றனர்.