தோண்டிய நிலமும் வேர்ப்பூஞ்சணமும்

பாஞ்சாலங்குறிச்சி, கோவிற்பட்டிப் பக்கத்துக் கரிசற்காடுகளில் சரளோ சுண்ணாம்புக்கல்லோ எடுத்தபின் பள்ளத்தை மூடிப் பயிரிடுவோர், கம்பு வளராமல் இலை ஊதா நிறமேறி நின்றால் உரம் போதவில்லை என்று கருதுவர். பெரும்பாலும் அது மணிச்சத்துக் குறைவே. ஆனால் அந்நிலத்தில் குறைந்தது உரம் மட்டுமன்று.

பெரும்பான்மையான பயிர்களின் வேருக்குள் ஒருவகைப் பூஞ்சணம் குடியிருக்கின்றது. பூஞ்சணமும் வேரும் கூடி வாழும் இவ்வுறவுக்கு 1885-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிராங்க் என்பார் ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டார். பூஞ்சணம் என்றதும் வாடல் நோயை எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. பயிர் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை இதற்கு அளிக்க, இது மண்ணிலிருந்து மணிச்சத்தைத் தேடிக் கொணர்ந்து கொடுக்கின்றது. மணிச்சத்தோ நீரோடு எளிதில் ஓடிவரும் பொருளன்று. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இட்ட சூப்பர் பாஸ்பேட்டும் பெரிதும் பிணைப்புண்டு போம். வேர்த்தூவி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு அப்பால் எட்டாது. மயிரினும் மெல்லிய பூஞ்சண இழை பல சென்டிமீட்டர் செல்லும்.

உயிருள்ள வேரின்றி இப்பூஞ்சணம் வளராது. மேல்மண்ணைப் புல்பூண்டற்ற மேடாக ஆண்டுக்கணக்கில் குவித்து வைப்பின், அதிலுள்ள வித்துக்கள் சிறுகச் சிறுக அழியும். அடிமண்ணிலோ அவை இயல்பாகவே சொற்பம்.

நெய்வேலியில் இதனைப் பெரிய அளவிற் காணலாம். 1956-ல் ஏற்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களில் 150 அடிக்கும் மேற்பட்ட மண்ணை அகற்றியே நிலக்கரி எடுக்கின்றனர். கொட்டிய மண்ணில் சத்தும் நுண்ணுயிரும் அரிது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு, பசுந்தாளும் தொழுவுரமும் வேர்ப்பூஞ்சணம் உள்ளிட்ட உயிர் உரங்களும் இட்டு அதனைத் திருத்தலாயினர். நெய்வேலி மண் வேறு, கரிசல் வேறு. ஆயினும் திருத்தும் வழி இரண்டிற்கும் பொருந்தும்.

ஆகவே தோண்ட அனுமதி கேட்டு வருவோரிடம், மேல்மண்ணை எங்கே, எத்தனை காலம் வைக்கப்போகின்றனர் என்பதைக் கிராம அதிகாரிகள் முதலிற் கேட்டறிதல் வேண்டும். அதனைத் தனியே ஒதுக்கி, உயரமாகக் குவியாமல் பரப்பி, கொளுஞ்சி விதைத்துவிடுதல் நலம். நிரப்பும்போது அடிமண் கீழும் மேல்மண் மேலும் இருத்தல் அவசியம். முதற் பருவத்தில் சோளமோ கம்போ உளுந்தோடு கலந்து விதைக்கலாம். இவற்றின் வேர் பூஞ்சணத்தை நன்கு ஏற்கும். கடுகினம் ஏற்பதில்லை.

மக்காச்சோள வேரில் பெருக்கிய பூஞ்சணக் கலவை விலைக்குக் கிடைக்கின்றது. மிளகாய் நாற்றங்காலுக்கு 1 சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம், விதைக்கு 2, 3 சென்டிமீட்டர் கீழே இடவேண்டும். மேலே தூவுவதிற் பயனில்லை. அவ்வாண்டு சூப்பர் பாஸ்பேட்டை மிகுதியாக இட்டால் வேர் பூஞ்சணத்தை அதிகம் சேர்த்துக்கொள்ளாது.